‘ஆருமில்லாத மாதிரிக் கிடக்கு’ – வாசகர் கேள்வி பதில்

கைவிடப்பட்ட மாதிரி, எதிலும் ஒட்டாத மாதிரி, போக்கிடம் தெரியாத மாதிரி வரும் உணர்வை எப்படிச் சொல்வது என்று கேட்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. மனநலப் பணியிலும் மொழிப் பணியிலும் இருப்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: கணவர் இறந்து ஆறு மாதம். கிளினிக்கில் டொக்டர் ‘என்ன செய்யுது?’ என்று கேட்டால் ‘மனம் சரியில்ல’ என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. விற்றமின் குளிசை தந்து அனுப்பிவிடுகிறார்கள். நான் எப்படிச் சொல்ல வேண்டும்? (களுவாஞ்சிக்குடி)

‘மனம் சரியில்ல’ என்பது கதவைத் தட்டும் சொல். உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. கோபத்துக்கும் அதைத்தான் சொல்கிறோம், கவலைக்கும் அதைத்தான் சொல்கிறோம், காய்ச்சலுக்கு முந்திய அசதிக்கும் அதைத்தான் சொல்கிறோம். வரிசையில் ஐம்பது பேர் காத்திருக்கும் போது, அந்த ஒரு சொல்லை வைத்து எதையும் பிரித்தறிய வைத்தியருக்கு நேரம் கிடைக்காது.

நம்மிடம் இதற்குச் சொற்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு இல்லாமையைக் காட்டுகிறது. ‘ஏக்கம்’ என்றால் எதற்காக ஏங்குகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஆளோ ஊரோ கண்முன் நிற்கும். ‘வெறிச்செண்டு கிடக்கு’ என்றால் எதற்கென்று இல்லாத வெறுமை. வீடு நிறையச் சனம் இருந்தாலும் அது வரும். ‘விறைச்சுப் போனன்’ என்றால் அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை என்று பொருள். அழாமல் இருப்பவரைப் பார்த்து ‘நல்லாத் தேறிற்றா’ என்று சனம் சொல்லிவிடும். அதனால் இதைக் கட்டாயம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘கைவிட்டுட்டாங்க’ என்றால் அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். வருத்தத்தோடு கோபமும் கலந்திருக்கும். ‘எனக்கு நாதியில்ல’ என்பது மனசைப் பற்றியது மட்டுமல்ல. எனக்காகப் பேச, கையெழுத்து வைக்க, கூட வர ஒருவர் இல்லை என்று அது சொல்கிறது. அதற்குக் குளிசையைவிடப் பிரதேச செயலகத்துக்குக் கூடவே வரும் ஒரு மனிதர் உதவுவார்.

‘அந்தரமாக் கிடக்கு’ என்பதில் மட்டும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் அவசரத்துக்கும் அந்தரம் என்கிறோம், சங்கடத்துக்கும் அந்தரம் என்கிறோம், பிடிமானம் இல்லாத நிலைக்கும் அதைத்தான் சொல்கிறோம். வெளியூர் வைத்தியர் அதை அவசரம் என்றே எடுத்துக்கொள்ளக் கூடும். பிடிமானம் போனதைச் சொல்ல ‘அந்தரிச்சுப் போனன்’ என்ற வடிவம் தெளிவானது. ‘யோசனை’யும் அப்படித்தான். நமக்கு அது கவலையோடு திரும்பத் திரும்ப வரும் நினைப்பு. கேட்பவருக்கு வெறும் சிந்தனை. ‘ஒரே யோசனை, நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

சொல்லைத் தெரிந்தெடுத்த பிறகு அதோடு நான்கு விசயம் சேர வேண்டும்: எப்போது தொடங்கியது, எதைத் தொடர்ந்து வந்தது, உடம்பில் எங்கே படுகிறது, முன்பு செய்த எந்த வேலை இப்போது நின்றுபோனது. ஒரு மாதிரி இதோ:

‘அவர் செத்து ஆறு மாதம். ரெண்டு மாதமா ராவையில ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா விடியுமட்டும் நித்திரை இல்ல. நெஞ்சு அடைக்குது. சமைக்கிறன், ஆனா தின்ன மனமில்ல. பிள்ளைகள் பக்கத்தில இருந்தும் ஆருமில்லாத மாதிரிக் கிடக்கு. முந்தி பாய் இழைச்சனான், இப்ப ஓலையத் தொடவே மனம் வருகுதில்ல.’

இதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டினாலும் சரி. நெஞ்சடைப்பை முதலில் சொல்லி அதோடு நிறுத்திவிட்டால் ஈசீஜி எடுத்து, ‘இதயம் நல்லா இருக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள். அந்தச் சோதனை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதோடு நித்திரையையும் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம். கூட வரும் மகளோ தங்கச்சியோ உங்களுக்காகப் பதில் சொல்லத் தொடங்கினால், ‘நானே சொல்றன்’ என்று தடுங்கள். உறவினர் சொல்லும்போது வெளியே தெரிவது மட்டும்தான் வரும். ‘எனக்கு டிப்ரெஷன்’ என்று தீர்ப்பையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள். அதைச் சொன்னதும் விவரம் நின்றுவிடுகிறது. அந்தத் தீர்ப்புக்கு வர, பெரும்பாலான நேரம், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், குறைந்தது இரண்டு கிழமை இந்த நிலை நீடித்திருக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார். ஆகவே நாட்கணக்கே அவருக்கு அதிகம் உதவும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘உயிரோட இருந்து என்ன’ என்ற நினைப்பு வருகிறதென்றால் அதை முதல் வசனமாகவே சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது அப்படி இருப்பதாகப் பட்டால், ‘சாகணும் எண்டு நினைப்பு வருதா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலும் ஒருவர் கேட்டுவிட்டார் என்ற ஆறுதல்தான் வரும். வேளாண்மைக்கு வாங்கிய மருந்துப் போத்தல்களை அன்றைக்கே வீட்டைவிட்டு அகற்றி, வேறொரு வீட்டில் பூட்டிவைக்க வேண்டும். அந்த நினைப்பு உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் உயிர் தப்புகிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதற்கும் ‘விசர்’ என்ற சொல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதைச் சொல்லாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வீட்டோடு கிடப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேள்வி: மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஏழு வயதுப் பேரன் என்னோடு. அக்கம்பக்கத்தார் ‘தாயில்லாப் புள்ள’ என்கிறார்கள். போனில் தாய் வந்தால் இவன் ஓடி ஒளிகிறான். இவனிடம் எந்தச் சொல்லைப் பேச, எதை விட? (நிந்தவூர்)

முதலில் ‘தாயில்லாப் புள்ள’ என்பதை வாசலோடு நிறுத்துங்கள். பிள்ளை கேட்கும்படியே திருத்திச் சொல்ல வேண்டும்: ‘தாய் இருக்கா. குவைத்தில வேலைக்குப் போயிரிக்கா.’ பரிதாபப்பட்டுச் சொன்னவருக்கு அது ஒரு நொடிப் பேச்சு. கேட்ட பிள்ளை அதை வருடக்கணக்கில் சுமக்கிறான்.

‘உம்மா உன்ன உட்டுட்டுப் பெய்த்தா’ என்பதற்கும் ‘உம்மா வேலைக்குப் போயிரிக்கா’ என்பதற்கும் இடையில் இருக்கும் தூரம் பெரியது. முன்னதில் விடப்பட்டவன் பிள்ளை, செய்தவள் தாய், காரியம் முடிந்துவிட்டது. பின்னதில் தாய் போயும் இருக்கிறாள், இன்னும் இருக்கவும் இருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் இந்த வித்தியாசம் நன்றாக விளங்கும்.

எல்லாவற்றிலும் மோசமான வசனம் ‘குழப்படி செய்தா உம்மா வரமாட்டா’ என்பது. அதட்டுவதற்குச் சுலபமாக வாயில் வருகிறது. ஆனால் இந்த வயதுப் பிள்ளை நடக்கும் எல்லாவற்றுக்கும் தன்னையே காரணமாக நினைக்கும். தாய் போனதே தன் குழப்படியால்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடும். அதுபோல ‘பெருநாளைக்கு வருவா’ என்று டிக்கெட் கையில் வரும் முன் சொல்லாதீர்கள். வீட்டு வேலை ஒப்பந்தம் பொதுவாக இரண்டு வருடம், நீடிக்கவும் கூடும். ‘நாள் தெரிஞ்ச உடனே உனக்குத்தான் முதல்ல சொல்லுவன்’ என்பது உண்மையும்கூட, பிள்ளை பிடித்துக்கொள்ளக் கூடியதும்கூட.

போனில் ஓடி ஒளிவது அன்பில்லாமை இல்லை. குரல் கேட்டால் ஏக்கம் கூடுகிறது, அழைப்பு முடிந்ததும் மறுபடி பிரிவு வருகிறது. அந்த இரண்டாவது வலியிலிருந்து தப்பத்தான் ஒளிகிறான். போனைப் பிடித்து அவன் காதில் வைக்காதீர்கள். நீங்கள் தாயோடு சத்தமாகக் கதையுங்கள், அவன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கட்டும். குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அவர் இரவு வேலை முடித்துப் பத்து மணிக்கு எடுத்தால் இங்கே பன்னிரண்டரை, பிள்ளை நித்திரை. அங்கே பின்னேரம் நாலு மணிக்கு எடுக்க முடிந்தால் இங்கே ஆறரை. கிழமையில் ஒரு நாள் என்றாலும் அதே நாள், அதே நேரம் என்று இருப்பது, நினைத்த நேரத்தில் நாலு நாள் எடுப்பதைவிடப் பலன் தரும். எசமான் வீட்டில் போன் கிடைக்காத கிழமைகளுக்காக வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். அவன் விரும்பும்போது திரும்பத் திரும்பக் கேட்கலாம், பதிலும் பதியலாம்.

தாயிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். ‘படிச்சயா, தின்டயா, குழப்படி செய்யலயே’ என்று மூன்று கேள்வியோடு அழைப்பு முடிந்தால் அது விசாரணை. ‘இண்டைக்கு இஞ்ச நல்ல வெயில், நான் ரெண்டு மாடிக்கு உடுப்புக் காயப் போட்டன்’ என்று அவர் தன் நாளைச் சொல்லட்டும். தாய் எங்கே நிற்கிறாள், என்ன செய்கிறாள் என்று பிள்ளையால் கற்பனை பண்ண முடிந்தால் ‘எங்கயோ பெய்த்தா’ என்ற இருட்டு குறையும்.

படுக்கையில் சிறுநீர் கழிக்கும், நின்றுபோயிருந்த பழக்கம் திரும்புவது, பள்ளிக்கூடம் போகும் காலையில் மட்டும் வயிற்றுவலி, விளையாட்டை விட்டு ஒதுங்குவது, இப்படி ஏதாவது ஒரு மாதம் தாண்டி நீடித்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடமோ சொல்லுங்கள். மகள் திரும்பி வந்த பிறகும் அவன் முதல் கிழமைகளில் உங்களோடுதான் படுப்பான். அப்போது மகள் மனம் நோகும். குளிக்க வார்ப்பது, சோறு கொடுப்பது, பள்ளிக்கூடம் கூட்டிப்போவது என்று ஒவ்வொன்றாக அவரிடம் கைமாற்றுங்கள். ஒரே நாளில் விலகிவிடாதீர்கள், அது அவனுக்கு இரண்டாவது பிரிவாகிவிடும்.

கேள்வி: ஹொஸ்டலில் இருக்கிறேன். சுற்றிலும் ஆட்கள். ஆனால் ‘லோன்லி’ என்றுதான் தோன்றுகிறது. ‘தனிமை’ என்று எழுதினால் அமைதியாக இருப்பது போலப் படுகிறது. (வந்தாறுமூலை)

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். தனிமை என்ற பெயர்ச்சொல்லுக்குள் இனிமையானதும் இருக்கிறது. வினையாக்கினால் பிரியும்: ‘தனிய இருக்கன்’ என்பது நிலை, ‘தனிச்சுப் போனன்’ என்பது நோவு. இரண்டாவதைப் பயன்படுத்துங்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபர்ட் வைஸ் 1973இல் தனித்துப்போதலை இரண்டாகப் பிரித்தார். நெருக்கமான ஒரே ஒரு ஆள் இல்லாததால் வருவது ஒன்று. சேர்ந்து திரிய ஒரு கூட்டம் இல்லாததால் வருவது மற்றது. ஒன்றை வைத்து மற்றதை நிரப்ப முடியாது என்பதே அவர் சொன்னதில் உங்களுக்குப் பயன்படும் பகுதி. உம்மாவையோ அம்மாவையோ நினைத்துத் தவிப்பவர் கிரிக்கெட் அணியில் சேர்ந்தாலும் இரவில் அதே தவிப்புத்தான். அதுபோல, தினமும் ஒரு மணித்தியாலம் வீட்டோடு பேசுபவருக்கும் கன்டீனில் கூட இருக்க ஆளில்லாமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எது குறைகிறது என்று பாருங்கள்: ஒரு முகமா, ஒரு சத்தமா? முகம் என்றால் ஒருவரோடு ஆழமாகப் பேச வழி தேடுங்கள். சத்தம் என்றால் கிழமைக்கு ஒரு முறை அதே ஆட்கள் கூடும் ஏதாவது ஒன்றில், அது நாடகமோ கோயில் தொண்டோ, குறைந்தது ஆறு ஏழு கிழமை தவறாமல் போங்கள். இரண்டு முறை போய்விட்டு ‘எனக்கு ஒட்டேல்ல’ என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. முகம் பழகவே அதற்கு மேல் வேண்டும்.

கேள்வி: என் மனிசனைக் கொண்டுபோய் முப்பது வருடத்துக்கு மேல். படிவத்தில் ‘விதவை’ என்று போடச் சொல்கிறார்கள். கை வருகுதில்லை. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் ஒரு கதை. நான் யார் என்று சொல்வது? (வாகரைப் பக்கம்)

‘விதவை’ என்று எழுதக் கை வராதது பிடிவாதமோ மனக்கோளாறோ அல்ல. இழப்பு எது என்று உறுதியாகாதபோது துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பவுலின் பொஸ் இதற்கென்றே தனிப் பெயர் கொடுத்தார். தமிழில் ‘தெளிவற்ற இழப்பு’ எனலாம். வலியின் காரணம் சூழ்நிலையில் இருக்கிறதே தவிர அந்தப் பெண்ணின் மனத்தில் இல்லை என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ‘முடிவு கட்டு, மற’ என்று வற்புறுத்துவதையும் அவர் ஏற்கவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல அனுமதியுங்கள் என்றார்: ‘அவர் செத்திருக்கலாம். இருக்கவும் கூடும்.’

நம் பழைய இலக்கணம் முல்லைக்கு இருத்தல் என்றும் நெய்தலுக்கு இரங்கல் என்றும் தனித்தனியே வகுத்தது. வருவான் என்று ஆற்றியிருப்பது ஒன்று, வரவில்லையே என்று கரைந்து அழுவது இன்னொன்று. உங்கள் வீட்டில் காலையில் முல்லையும் இரவில் நெய்தலும் வருகிறது. அதனால்தான் ஒற்றைச் சொல் எதுவும் பொருந்தவில்லை.

சொல்லத் தக்கது ‘காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி’. ‘காணாமல் போனவர்’ என்றால் தானாகப் போனவர் போலாகிவிடும். ‘ஆக்கப்பட்டவர்’ என்பதில் செய்தவர் ஒருவர் உண்டு என்ற உண்மை நிற்கிறது. தாய்மார் வீதியில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கினார்கள், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். இதற்கென அரசு அமைத்த அலுவலகத்தின் பெயரில் ‘காணாமற்போன ஆட்கள்’ என்று இருப்பதைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். படிவத்தில் உங்கள் விவரத்தை உங்கள் சொல்லிலேயே எழுதலாம்.

காணி, வங்கி, பிள்ளைகளின் அலுவலுக்குக் கடதாசி தேவைப்பட்டால், மரணச் சான்றிதழ் ஒன்றே வழி என்று யாரும் சொல்லவிடாதீர்கள். 2016இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, இறந்தார் என்று பதியாமல், ஆள் இல்லாதிருக்கிறார் என்பதற்குச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. பிரதேச செயலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுப் பகுதியில் கேளுங்கள். போகும்போது அவருடைய அடையாள அட்டைப் பிரதி, விவாகப் பதிவு, அந்தக் காலத்தில் செய்த முறைப்பாட்டின் பிரதி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மூலத்தைக் கொடுக்காமல் பிரதியை மட்டும் கொடுங்கள். ‘சான்றிதழ் எடுத்தா அவரச் செத்தாக ஒத்துக்கொண்ட மாதிரி’ என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்தச் சான்றிதழ் அப்படிச் சொல்வதில்லை.

பொட்டு உங்கள் நெற்றி. வைக்கத் தோன்றும் நாள் வையுங்கள். அதற்கு விளக்கம் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு இங்கே வீடு தந்தார்கள். இருபது வருடமாகியும் ‘எங்கட ஊர்’ என்றால் நவலடிதான் வாயில் வருகிறது. இது நன்றிகெட்டதனமா? (திராய்மடு)

இல்லை. வீடு கிடைத்தது, இடம் போனது. இரண்டும் வேறு கணக்கு. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று வாழ்ந்தவருக்குக் காற்றின் திசைகூட மாறிவிட்டது. அதோடு 2004 டிசம்பர் 26 அன்று அந்த இடத்திலேயே உறவுகளையும் இழந்திருக்கிறீர்கள். ஊரை நினைப்பதும் ஆட்களை நினைப்பதும் அதனால் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டது.

பெரியவர்கள் இருக்கும்போதே ஒன்றைச் செய்துவிடுங்கள். பிரிஸ்டல் மட்டை ஒன்றை விரித்து பழைய ஊரின் வரைபடம் போடுங்கள். முதலில் கோயில், பாதை, கிணறு. பிறகு எந்த வளவில் யார் என்று பென்சிலால். பேனையால் எழுதினால் தொலைந்தது, ஏனென்றால் ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்துவார். சண்டை வரும், வரட்டும். இறந்தவர் பெயர் வரும்போது யாராவது அழுவார்கள். அன்றைக்கு அங்கேயே நிறுத்தி மறுகிழமை தொடருங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள். பெரியவர்கள் எதற்கு ஏங்குகிறார்கள் என்று அவர்களுக்கு அப்போதுதான் விளங்கும்.

கேள்வி: தம்பியை அம்பாறை நகரத்துக்குக் கிளினிக் கூட்டிப்போகிறேன். வைத்தியருக்குத் தமிழ் குறைவு, எங்களுக்குச் சிங்களம் குறைவு. (அக்கரைப்பற்று)

முதலில் தமிழ் பேசும் தாதியோ உத்தியோகத்தரோ இருக்கிறார்களா என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவர்கள் கேட்கக் கூடாததை அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டி வரும்.

ஆள் கிடைக்காவிட்டால் இந்த நாலு சிங்களத் தொடர் கைகொடுக்கும். ‘மட பாளுயி’ என்றால் எனக்குத் தனிச்சுப்போன மாதிரி இருக்கு. நம்முடைய ‘பாழ்’ போலவே ஒலிக்கும், பொருளும் பக்கத்தில்தான். ‘நிந்த யன்னே நே’ என்றால் நித்திரை வருகுதில்லை. ‘ஒக்கோம எபா வெலா’ என்றால் எல்லாம் வெறுத்துப் போச்சு. ‘ஜீவத் வென்ன எபா வெலா’ என்றால் உயிர் வாழவே வெறுத்துவிட்டது. கடைசி இரண்டையும் மாறிச் சொல்லிவிடாதீர்கள். முந்தியதைக் கேட்டால் வைத்தியர் மேலும் கேள்வி கேட்பார், பிந்தியதைக் கேட்டால் உடனே வார்டில் சேர்ப்பதைப் பற்றி யோசிப்பார். அது உண்மையென்றால் தயங்காமல் அதையே சொல்லுங்கள். நாட்கணக்கை விரலால் காட்டலாம், குடிக்கும் குளிசைகளை உறையோடு கொண்டுபோய் மேசையில் வைக்கலாம்.